மால்ட் சக்கையும் என் பெயரும்

குருகிராமில் ஆறு வருடம் பீர் காய்ச்சினேன். அங்கே ப்ரூவர்கள் மத்தியில் என் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும். பெங்களூருக்கு வந்த முதல் மாதம், வீட்டு புரோக்கருக்கே என் வேலை என்னவென்று புரியவைக்க முடியவில்லை. ஊரில் அம்மா இன்னமும் "பையன் ஏதோ ஃபுட் கம்பெனியில இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலத்தில், கடைக்குள்ளேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

குருகிராமை விட்டு வந்ததற்குக் காரணம் ஒரு லாகர், குளிரில் காய்ச்சும் பீர் வகை. அவசரத்துக்கு ஆகாத சரக்கு அது. 10, 12 டிகிரி குளிரில் மெதுவாக நொதிக்க வேண்டும். முடிகிற சமயத்தில் 16 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால்தான், ஈஸ்ட் தான் கிளப்பிவிட்ட டையசெட்டில் என்கிற வெண்ணெய் வாடைப் பொருளைத் தானே தின்று தீர்க்கும். விடாவிட்டால் பீரில் தியேட்டர் பாப்கார்ன் வாடை அடிக்கும். லீவு சேர்ந்த வார இறுதி வருகிறது, டேங்கைத் திற என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆயிரம் லிட்டரும் பாப்கார்ன் வாடையோடுதான் கிளாஸுக்குப் போனது. அப்புறம் அது "அந்த ப்ரூவரோட லாகர்" ஆகிவிட்டது. கோபம் ரொம்ப நாள் இருந்தது. ஆனால் வால்வைத் திறந்த கை என்னுடையதுதானே?

பெங்களூரில் தலைமை ப்ரூவர் வேலை கிடைக்கவில்லை. இரண்டாம் ஆளாகச் சேர்ந்தேன். நண்பர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: இன்ஸ்டாவில் வீடியோ போடு, மாம்பழம் போட்டு ஒரு பீர் இறக்கு, சர்டிபிகேட் கோர்ஸ் சேர். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பழமும் மசாலாவும் அடியில் இருக்கும் கோளாறை மூடிவிடும். சாதாரணக் கோதுமை பீரில் மறைக்க இடமில்லை. வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்டிலிருந்தே வந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு ப்ரூவரை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தக் கோதுமை பீரே எனக்குக் காலை வாரிவிட்டது. குருகிராம் ரெசிப்பியை கிராம் பிசகாமல் போட்டேன். நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு, டீத்தூளை ரொம்ப நேரம் கொதிக்க விட்ட மாதிரி. முதலில் ஊர் உயரத்தின் மேல் பழி போட்டேன். 900 மீட்டரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று இரண்டு நாள் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன். உண்மைதான், ஆனால் அதனால் ஹாப்ஸ் பூ தரும் கசப்பு கொஞ்சம் குறையுமே தவிர துவர்ப்பு வராது. கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் பீர் டேங்குகள் இருக்கும் செல்லரில் வேலை பார்க்கிறான். அவன்தான் மெல்லச் சொன்னான்: "அண்ணே, காவேரித் தண்ணி வர்ற நாள்ல இப்படி இருக்காது. டேங்கர் வந்தா இப்படித்தான்." தண்ணீரில் உப்பை வடிகட்டும் ஆர்ஓ மெம்பரேன் ஓய்ந்துபோயிருந்தது. டேங்கர் தண்ணீரின் உப்பு பாதி அப்படியே உள்ளே வந்துகொண்டிருந்தது. முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவைக்கு மாஷ் என்று பெயர். அதன் பிஎச் 5.4 இருக்க வேண்டிய இடத்தில் 5.9. அந்த அளவுக்கு ஏறினால் தானியத்தின் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும்.

இந்த முறை முதலாளியிடம் போய் நின்றேன். 500 லிட்டரையும் கீழே விட வேண்டும் என்றேன். மாதுளை சிரப் கலந்து விற்றால் என்ன என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை, வாடகை வேறு பாக்கி. காலையில், "சரி, கொட்டிடு. மெம்பரேன் என்ன விலைன்னு கேளு" என்று மெசேஜ் வந்திருந்தது.

வெளியே என் பெயரைக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? சக்கைக்காரர். மாஷ் வடித்த பிறகு மிஞ்சும் மால்ட் சக்கையை மாட்டுக்குத் தீவனமாக எடுத்துப்போகிறவர். ஆனேக்கல் பக்கம் பத்துப் பதினைந்து மாடு வைத்திருக்கிறார். டாடா ஏஸில் நீல டிரம்களோடு காலையிலேயே நாலைந்து ப்ரூபப் சுற்றிவிடுவார். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். பீரை வாயில் வைத்ததில்லை. ஆனால் எந்தக் கடையில் எப்படி வேலை நடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. சரியாக வடிக்காமல் அவசரமாக அள்ளிக்கொட்டினால் சக்கை சொதசொதவென்று இருக்கும், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், மாடு மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நம் சக்கையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டாவிட்டால் தலையாட்டிவிட்டு டிரம்மை உருட்டுவார். அவ்வளவுதான் பாராட்டு.

ஏழெட்டு மாதம் கழித்து, இந்திராநகர் பக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு ப்ரூவர் போன் செய்தார். "சக்கை எடுக்கிறவர் உங்களைப் பத்திச் சொன்னாரு. கோதுமை பீர் ஈஸ்ட் கொஞ்சம் கிடைக்குமா சார்? எங்க ஈஸ்ட் சரியில்லை."

ஈஸ்ட் கேட்பது பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பது மாதிரி. அவர்கள் பாத்திரம் கழுவுகிற லட்சணம் தெரியாமல் யாரும் கேட்க மாட்டார்கள். அதில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் வாங்கியவரின் டேங்க் முழுக்கப் போச்சு.

பத்து லிட்டர் கேன் ஒன்றைக் காஸ்டிக் சோடாவில் கழுவி, அலசி, கிருமியைக் கொல்லும் பெராசிட்டிக் அமிலம் ஊற்றி வைத்தேன். சந்தேகமாக இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கழுவினேன். கிருஷ்ணகிரிக்காரன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.