அந்த மூன்று புள்ளிகள்

கையால் எழுதிய பழைய சோடாக்கடைத் தகர போர்டு ஒன்றை ஃப்ரேம் போட்டு ஒரு கேலரியில் மாட்டியிருக்கிறார்களே, அதன் படத்தை இதுவரை பதினைந்து பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒருவர், "கீழ் மூலையில் இருக்கும் அந்த மூன்று புள்ளிகள் மனசை என்னவோ செய்கின்றன" என்று உருகி எழுதியிருந்ததைப் படித்ததும் பொறுக்கவில்லை.

அது 'ஆர்ட்ஸ்' சார், போர்டு எழுதுகிறவர்கள் தங்கள் பேருக்குப் பின்னால் போடுவது. ர், ட், ஸ் மூன்றின் தலையிலும் வைத்த புள்ளி. எழுத்து எங்கே போனது என்றால், தகரத்தை ஃப்ரேம் அளவுக்கு வெட்டியதில் அடிப்பக்கம் இரண்டு விரற்கடை போய்விட்டது. போர்டு எழுதியவரின் பேரும் போன் நம்பரும் அங்கேதான் இருந்திருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டு, பக்கத்தில் அழகாக ஓர் அட்டை அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள்: 'கலைஞர் பெயர் அறியப்படவில்லை.'

அறியப்படவில்லையாம்! கத்திரியை எடுத்தவருக்குமா தெரியவில்லை?

தெருவில் இருந்தது கேலரிக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போகட்டும். ஓவியர் எம். எஃப். ஹுசேன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிற்றைக் கழுவியவர்தான். நியூயார்க்கில் சுவரில் கிறுக்கித் திரிந்த பாஸ்கியாவின் ஓவியம் 2017இல் 11 கோடி டாலருக்கு ஏலம் போனது. சந்தோஷம். போகும்போது பேரோடு போகட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

நம்பர் இருந்திருக்கும் என்று எப்படி அடித்துச் சொல்கிறாய் என்பீர்கள். என் அப்பா முப்பது வருஷம் சுவரும் போர்டும் எழுதியவர். சுவர் என்றால் முதலில் சுண்ணாம்பு, அதில் துளி நீலம். காய்ந்ததும் நூலைக் காவியில் தோய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் சரேலென்று ஒரு கோடு விழும். மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. சட்டையெல்லாம் காவியாகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் வேலைதான். எழுத்து முடிந்து, ஷேடு கொடுத்து, கடைக்காரர் தலையாட்டிய பிறகு, பிரஷ்ஷைக் கழுவுவதற்கு முன்னால், மீந்த பெயின்டில் கீழ் மூலையில் பேரும் நம்பரும் எழுதுவார். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் அடுத்த வேலை அதிலிருந்துதான் வரும்.

ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், "என் சுவத்துல உனக்கு என்னய்யா விளம்பரம்?" என்று அழிக்கச் சொன்னார். அப்பா கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டு, பேர் இருக்கட்டும் முதலாளி என்றார். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு அந்த அட்டையைப் பார்க்கும்போது அந்த ஐம்பது ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது.

உடனே சிலர் இங்கிலாந்துத் தெரு ஓவியர் பாங்க்சியை இழுத்துக்கொண்டு வருவீர்கள். அவர் பேரே சொல்வதில்லையே, அதுதானே அழகு என்று. அவர் மறைத்தது அவர் இஷ்டம். 2018இல் லண்டன் ஏலத்தில் சுத்தியல் தட்டிய கையோடு அவர் படம், ஃப்ரேமுக்குள் அவரே ஒளித்து வைத்திருந்த கருவியில் பாதி கிழிந்து தொங்கியது. 10 லட்சம் பவுண்டு சொச்சத்துக்குப் போன அதே படம் 2021இல் 1 கோடியே 85 லட்சத்தைத் தாண்டியது. முகமே தெரியாத அவருக்குக் கிழிசலும் விலை ஏற்றியது. போன் நம்பரோடு தெருவில் நின்றவரோ, தேடினாலும் கிடைக்காத ஆளாகிவிட்டார்!

இத்தாலியில் போலோன்யா என்று ஓர் ஊர். 2016இல் அங்கே தெரு ஓவியங்களுக்கென்று ஒரு கண்காட்சி. அதற்காகச் சில ஓவியங்களை, வரைந்தவரைக் கேட்காமலே, சுவரிலிருந்தே பெயர்த்து எடுத்தார்கள். அதில் தன் ஓவியமும் போன புளூ என்ற ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? சாம்பல் நிற பெயின்ட் வாளியோடு கிளம்பி, அந்த ஊரில் இருபது வருஷமாகத் தான் வரைந்ததையெல்லாம் அழித்துவிட்டார். கொஞ்சம் அதிகம்தான். ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

"கூலிக்கு எழுதிய போர்டில் என்ன உரிமை?" என்று ஒரு நண்பர் கேட்டார். டெல்லியில் அரசாங்க மாநாட்டு மண்டபமான விக்யான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பமும் அரசாங்கம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதுதான். 1979இல் அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடு, 5 லட்சம் நஷ்ட ஈடும் கொடு என்றது. விற்ற பிறகும் படைத்தவனுக்கு உரிமை உண்டு என்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவே இருக்கிறது. சோடாக்கடை போர்டுக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நான் மரியாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

"அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்குமே?" உண்மை. இதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. போயிருக்கும். இரும்புக்கடைக்காரர் எடைதான் போட்டிருப்பார், 'நாட்டார் அழகியல்' என்று அட்டை மாட்டியிருக்க மாட்டார்.

அப்பா மேல் உள்ள பாசத்தில் பேசுகிறாய் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆமாம். வேறு யார் பேசுவது? 1959லேயே, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சுவரில் இருக்கும்வரை இந்த எழுத்தையும் அலங்கோலம் என்றுதான் பார்ப்பார்கள். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. மூன்று நாள் வேலை அரை மணி நேரத்தில் அச்சாகி விழுந்தது. அப்பா பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி டால்டா டப்பாவில் வைத்துவிட்டு, ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? பேனரின் நாலு மூலையிலும் கயிறு கட்ட வளையம் அடிக்கிற வேலை. அதில் அவர் பேரை எழுத இடமும் இல்லை, எழுத எதுவும் இல்லை. அப்போது இந்த ரசிகர்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள்? அதே அளவு தகர போர்டுக்கு அப்பா கடைசியாக வாங்கியது 350 ரூபாய். கேலரிக்கு போன் போட்டு விலை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன், கோபப்படுவார் என்று நினைத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "எனாமல்தான். 'டா'வோட வளைவப் பாரு, நல்ல கை" என்றார். அது அவர் எழுதியதில்லை, யாரென்றும் அவருக்குத் தெரியவில்லை. மூன்று புள்ளிகளிடம் வந்ததும் விரல் நின்றது.

"கீழ நம்பர் இருந்திருக்குமே, அந்தத் துண்ட என்ன பண்ணாங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த இரண்டு விரற்கடைத் தகரம் எங்கே? பழைய ஆறு இலக்க நம்பராக இருந்தாலும் பரவாயில்லை.