அக்ராபா மேல் குண்டு போடலாமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்துவிட்டால் என் டைம்லைனில் இரண்டு பேச்சு தவறாமல் ஓடும். யார் வந்தால் ரஷ்யாவும் சீனாவும் ஈரானும் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்பது ஒன்று. கருத்துக்கணிப்பெல்லாம் டுபாக்கூர் என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஆள். காலையில் "கணிப்பை எவன் நம்புவான்" என்பார். சாயங்காலம் "வெளியுறவில் இவர்தான் கில்லி என்று பாதிக்கு மேல் பேர் சொல்லிவிட்டார்கள்" என்று இன்னொரு கணிப்பைப் பகிர்வார்.

நாம் திட்டுகிற கணிப்பு அவ்வளவு மோசமில்லை, நம்புகிற கணிப்புதான் மோசம் என்பது என் கட்சி.

யார் ஜெயிப்பார் என்ற கணிப்பை முதலில் பார்ப்போம். அது சறுக்கிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். 2016இல் தேசிய அளவிலான கணிப்பு ஏறக்குறையச் சரி, ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவில் காலை வாரியது. கல்லூரிப் படிப்பு இல்லாத வாக்காளர்கள் சாம்பிளில் குறைந்திருந்ததைப் பல நிறுவனங்கள் சரிக்கட்டாமல் விட்டிருந்தன. அதைத் திருத்திக்கொண்டு 2020க்கு வந்தால், பிழை 40 வருடத்தில் இல்லாத அளவுக்குப் போனது.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. அயோவா மாநிலத்தில் கமலா ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்று கருத்துக்கணிப்பாளர் ஆன் செல்சர் ஒரு கணிப்பை வெளியிட்டார். செல்சர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2016லும் 2020லும் மற்றவர்கள் தடுமாறியபோது அயோவாவைச் சரியாகச் சொன்னவர். அதனால் உலகமே திரும்பிப் பார்த்தது, துளசேந்திரபுரத்துப் பேத்தி ஜெயிக்கிறார் என்று நம்மூர்ப் பக்கமும் குஷி. மூன்று நாள் கழித்து டிரம்ப் அங்கே 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஏன் இப்படி? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் சாம்பிள் எடுப்பதன் அடிப்படை. ஆனால் எந்தப் பருக்கை கைக்கு வருவது என்பதை இப்போது பருக்கையே முடிவு செய்கிறது. பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 100 பேரைக் கூப்பிட்டால் 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 பேர். தெரியாத நம்பரை எடுத்து, கால் மணி நேரம் அரசியல் பேசுகிற அந்த 6 பேர், எடுக்காத 94 பேரைப் போலவே ஓட்டுப் போடுவார்கள் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டும். நீங்கள் எடுப்பீர்களா? நான் கூரியர்க்காரர் நம்பரையே எடுப்பதில்லை.

ஆனாலும் இந்தக் கணிப்புக்கு ஒரு பரீட்சை உண்டு. தேர்தல் நாள் வரும், வாக்கு எண்ணப்படும், சொன்னது பொய்யானால் ஊரே சிரிக்கும். அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு முறையும் எங்கே தப்பு என்று கிளறிப் பார்க்கிறார்கள்.

"வெளியுறவில் யார் உறுதியானவர்", "அந்த நாட்டைத் தாக்கலாமா" என்கிற கணிப்புக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. என்ன எண் வந்தாலும் அதுதான் மக்கள் கருத்து. அதைச் சரிபார்க்க எந்தப் பெட்டியையும் உடைக்க முடியாது.

2015 டிசம்பரில் பப்ளிக் பாலிசி போலிங் என்ற நிறுவனம் குசும்பாக ஒரு கேள்வி கேட்டது. அக்ராபா மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா? குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 30 சதவீதம் பேர் ஆதரவு, 13 சதவீதம் பேர் எதிர்ப்பு. அக்ராபா என்பது டிஸ்னியின் அலாதீன் கார்ட்டூனில் வருகிற கற்பனை ஊர். கேலிக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் அதே கேள்விக்கு ஜனநாயகக் கட்சியினரில் 19 சதவீதம் ஆதரவு, 36 சதவீதம் எதிர்ப்பு. கூட்டிப் பாருங்கள். இல்லாத ஊரைப் பற்றிக் கருத்து வைத்திருந்தவர்கள் அந்தப் பக்கம் 43 சதவீதம், இந்தப் பக்கம் 55 சதவீதம். "தெரியலீங்க" என்று சொன்ன யோக்கியர்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடவில்லை.

இதைவிட உறுத்தியது 2014இல் வந்த ஓர் ஆய்வு. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா பிடித்த நேரம். அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மூவர் 2,066 அமெரிக்கர்களிடம் உலக வரைபடத்தைக் காட்டி, உக்ரைன் எங்கே இருக்கிறது என்று தொடச் சொன்னார்கள். ஆறில் ஒருவர்தான் சரியாகத் தொட்டார். அது கூடப் பரவாயில்லை. உக்ரைனை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தார்களோ, அவ்வளவு அதிகமாக அமெரிக்கா படையோடு தலையிட வேண்டும் என்றார்கள்.

இந்த மாதிரிப் பதில்களைக் கூட்டித்தான் "இவர் உறுதியானவர், அவர் பலவீனமானவர்" என்று சதவீதம் வருகிறது. வேட்பாளர்களும் அதைப் பார்த்துத்தான் வேஷம் கட்டுகிறார்கள்.

1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் கட்டிய வேஷம் நல்ல உதாரணம். ராணுவ விஷயத்தில் மென்மையானவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவ, மிச்சிகனில் ஒரு டாங்கித் தொழிற்சாலைக்குப் போய், தலையை முழுங்குகிற ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, டாங்கியிலிருந்து எட்டிப் பார்த்தபடி மைதானத்தைச் சுற்றிவந்தார். பார்த்த நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். அதே காட்சியை எடுத்து எதிர் வேட்பாளர் மூத்த புஷ் தரப்பு விளம்பரமாக ஓட்டியது. ஜூலையில் 17 புள்ளி முன்னணியில் இருந்தவர் நவம்பரில் 40 மாநிலங்களைப் பறிகொடுத்தார். டாங்கி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டுகாக்கிஸ் இளம் வயதில் கொரியாவில் ராணுவத்தில் பணியாற்றியவர் என்பது அந்த ஹெல்மெட்டுக்குள் காணாமலே போயிற்று.

1976 அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. எதிர் வேட்பாளர் கார்ட்டருடன் விவாதம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் கிடையாது என்று அதிபர் ஃபோர்டு அடித்துச் சொன்னார். கேள்வி கேட்ட நிருபருக்கே நம்ப முடியவில்லை, திருப்பிக் கேட்டார். ஃபோர்டு பின்வாங்கவில்லை. போலந்து மக்கள் தங்களை ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்களாக நினைக்கவில்லை என்றார். விவாதம் முடிந்த கையோடு எடுத்த கணிப்பில் ஃபோர்டுதான் முன்னணி! மறுநாள் பத்திரிகைகளும் டிவியும் அந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் போட்ட பிறகு, அதே விவாதத்தில் கார்ட்டர் எங்கேயோ முன்னால் போய்விட்டார். விவாதம் மாறவில்லை. எது தப்பு என்று ஒருவர் எடுத்துச் சொல்லும் வரை கேட்டவர்களுக்கு அது தப்பாகவே படவில்லை, அவ்வளவுதான்.

சரி, உறுதியாகப் பேசினவர் உறுதியாக நடந்துகொள்வாரா என்றால், அதுவும் இல்லை. 1960இல் கென்னடி, ஏவுகணையில் சோவியத் அமெரிக்காவை முந்திவிட்டது என்று பிரச்சாரம் செய்தார். அவர் பதவியேற்று ஒரு மாதம் ஆவதற்குள் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாராவே நிருபர்களிடம் அப்படியொன்றும் இல்லை என்று போட்டு உடைத்தார். 1964இல் நேர் எதிர். எதிர் வேட்பாளர் கோல்டுவாட்டர் வந்தால் அணுகுண்டு வெடிக்கும் என்று பயமுறுத்திய அதிபர் ஜான்சன், ஆசியப் பையன்கள் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களை அனுப்பப் போவதில்லை என்று அக்டோபரில் சொன்னார். 61 சதவீத வாக்கோடு ஜெயித்தார். அடுத்த மார்ச்சில் அமெரிக்க மரைன்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள்.

நிஜமாகவே போரில் ஜெயித்துக் காட்டினால்? மூத்த புஷ் காட்டினார். 1991 வளைகுடாப் போர் முடிந்ததும் கேலப் கணிப்பில் அவருக்கு 89 சதவீத ஆதரவு. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வாங்கிய வாக்கு 37 சதவீதம்.

இவ்வளவு முறைப்பும் விறைப்பும் யாருக்காக என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். 2024இல் உக்ரைன், காசா என்று இரண்டு போர் நடந்துகொண்டிருந்தபோது எடுத்த எக்ஸிட் போலில், வெளியுறவுக் கொள்கையைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டேன் என்றவர்கள் 4 சதவீதம். இதுவும் கணிப்புதானே என்று மடக்குவீர்கள். ஆமாம், கணிப்புதான். இதிலும் யார் ஜெயித்தார் என்ற பகுதியை மட்டும்தான் வாக்கு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய முடியும். அந்த 4 சதவீதத்தைச் சரிபார்க்க இதிலும் வழியில்லை.