ஐஸ்லாந்தில் மூடிய சாலையும் பயணத்தில் சேர்த்திதான்

ஐஸ்லாந்துக்குப் போக விரும்பும் நண்பர்கள் அனுப்பும் பயணத் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. குளிர்காலத்து ஒரு வார விடுப்புக்குள், தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையின் 1,300 கிலோமீட்டர் சொச்சத்தையும் முடித்து, அருவி, பனியாறு, கருமணல் கடற்கரை, வடதுருவ ஒளி எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பவர்கள், அந்த ஊர்க் காற்றிடம் இதற்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்களா? என்னைக் கேட்டால், அங்கே போகிறவர் தம் திட்டத்தில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது, பார்க்க முடியாமல் போகக்கூடிய இடங்களைத்தான்.

டிசம்பர் இறுதியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிக்கும். பிப்ரவரியில் பகல் வளர்ந்துவிடும் என்றாலும் புயலுக்கு ஓய்வில்லை. குளிருக்கும் மழைக்கும் உடுப்பு வாங்கிக் குவிக்கும் நாம் காற்றைக் கணக்கில் எடுப்பதேயில்லை. நிறுத்திய காரின் கதவைக் கவனமில்லாமல் திறந்தால் கீலை வளைத்துவிடும் காற்று அது. வாடகைக் காருக்கான காப்பீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சேதத்தை ஏற்பதுமில்லை. ஒரு பாதை மூடப்பட்டதாகச் சாலைத் துறை அறிவித்த பிறகும் அதில் வண்டியை விட்டுப் பனியில் சிக்கிக்கொள்பவர்களை மீட்க வருபவர்கள் யார் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. மீட்புப் பணியைச் செய்வோர், பகலில் வேறு வேலை பார்க்கும் தன்னார்வலர்கள்; தங்கள் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதியை அவர்கள் புத்தாண்டுக்கு முன் பட்டாசு விற்றே திரட்டுகிறார்கள். நம்முடைய ஒளிப்படத்துக்காக அவர்கள் நள்ளிரவில் படுக்கையை விட்டு எழ வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

தெற்கே ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில், அலையின் சீற்றத்துக்கு ஏற்ப நிறம் மாறும் எச்சரிக்கை விளக்குகளையே நட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரென ஒரு பேரலை கரையின் உள்வரை ஏறி, நிற்பவரின் காலை வாரிக்கொண்டு போய்விடும். பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சிவப்பு விளக்கைத் தாண்டி நின்று படமெடுப்பவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் அந்த நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பூமியின் மேலோட்டுப் பெருந்துண்டுகளான வட அமெரிக்கப் புவித்தட்டும் யுரேசியப் புவித்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிச் செல்லும் கோட்டின் மீது அமர்ந்திருக்கும் தீவு அது. 930-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தியர் தங்கள் பேரவையைக் கூட்டத் தொடங்கிய திங்வெட்லிர் சமவெளியில் அந்த விலகலால் உண்டான பிளவுகளுக்கிடையே நடந்து செல்லலாம். 1783-இல் லாகி எரிமலை வெடித்தபோது எட்டு மாதங்கள் வழிந்த எரிமலைக்குழம்பைவிட, அதோடு வெளியான நச்சு வாயுக்களே கொடியவையாக இருந்தன. புல் நஞ்சாகிக் கால்நடைகள் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். அதெல்லாம் பழங்கதை என்றும் ஒதுக்க முடியாது. 2023 நவம்பர் 10 அன்று கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரிலிருந்து ஏறத்தாழ 3,800 பேர் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஜனவரியில் எரிமலைக்குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. வீடிழந்தவர்களின் துயரம் செய்தியாக ஓடிக்கொண்டிருந்தபோதே, “எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்?” என்று கேட்ட பயணிகளை நினைத்தால் இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த ஊருக்கு அருகில்தான் எல்லோருடைய பட்டியலிலும் முதலில் நிற்கும் ப்ளூ லகூன் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல அது இயற்கையான வெந்நீர் ஊற்று அன்று. ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய நீர் எரிமலைப் பாறைகளுக்கிடையே தேங்கி உருவான குளம். அழகானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஐஸ்லாந்தியரின் வாழ்க்கையைப் பார்க்க ஆசைப்படுகிறவர் போக வேண்டிய இடம், ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் உள்ள பொது நீச்சல் குளம். ப்ளூ லகூனின் கட்டணத்தில் மிகச் சிறிய பகுதியே அங்கே ஆகும். உள்ளே இறங்குமுன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்ற விதி நம்மவர்களைக் கூச வைக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது புரிந்துவிடும். பிறகு தலையில் ஆலங்கட்டி விழ, கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து, பக்கத்தில் இருக்கும் முதியவர்கள் மீன் விலையையும் அரசாங்கத்தையும் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எனவே, முதல்முறை போகிறவர்கள் தீவு முழுவதையும் சுற்ற ஆசைப்படாமல் தெற்குக் கரையையோ மேற்கிலுள்ள ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தையோ மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. நீண்ட பகல் வேண்டுமென்றால் ஜூன், வடதுருவ ஒளிக்கு ஒரு வாய்ப்பு வேண்டுமென்றால் செப்டம்பர். எதுவானாலும் எந்த முன்பதிவும் இல்லாத இரண்டு நாள்களை ஒதுக்கி வையுங்கள். பாதையை விட்டு வண்டியை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம். எரிமலைப் பாறை மேல் படர்ந்திருக்கும் பாசியில் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். காரை வாடகைக்கு எடுக்கும்போது மணல், சாம்பல், சரளைக்கல் சேதங்களுக்கான காப்பீட்டின் விதிகளை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காற்றடிக்கும் நாளில் கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே திறங்கள்.