கரையைக் கடந்த பிறகுதான் நமக்குப் புயல்

"புயல் கரையைக் கடந்தது" என்று டிவியில் சிவப்புப் பட்டை ஓடியதும் சேலத்தில் பாதிப் பேர் சீரியலுக்குத் திரும்பிவிடுகிறோம். கடலூர்க்காரர்கள் பாவம் என்று ஒரு உச்சுக்கொட்டல், அவ்வளவுதான். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தைரியம். அந்தத் தைரியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறியதும் குறைந்தது காற்றின் வேகம் மட்டும்தான். சுமந்து வந்த தண்ணீர் இன்னும் நிறைய மேலே இருந்தது. அது அவசரமே இல்லாமல் மேற்கே நகர்ந்து, டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் எவனாவது புயலுக்குப் பயந்து மெழுகுவத்தி வாங்கி வைத்திருப்பானா? ஏற்காட்டிலும் 20 செ.மீ.க்கு மேல். கல்வராயன், ஜவ்வாது, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் என்று வரிசையாக மலைகள் நிற்கின்றன. ஈரக்காற்று அதில் முட்டி மேலே ஏறினால் குளிர்ந்து கொட்டத்தான் செய்யும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்கே இருந்து நம்ம பக்கம் எது வந்தாலும் இந்த மலைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மேலே பெய்தது கீழே வராமல் எங்கே போகும்? சேர்வராயனின் வடக்குச் சரிவில் விழுந்தது வாணியாறு வழியாக அரூர்ப் பக்கம் போகும். தெற்கே விழுந்தது கன்னங்குறிச்சி புது ஏரி, மூக்கனேரி, அப்புறம் நம்ம திருமணிமுத்தாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் சாக்கடையும் சாயத் தண்ணியுமாக, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் தாண்டுகிற அதே ஆறு. மலையில் ராத்திரி முழுக்கப் பெய்தால் அதற்குத் தன் பழைய அகலம் ஞாபகம் வந்துவிடுகிறது. பச்சப்பட்டி, கிச்சிப்பாளையம் நாராயண நகர்க்காரர்களைக் கேளுங்கள். சிவதாபுரம் கதை தனி, அங்கே ஏரித் தண்ணீர். தெருவில் மழையே விட்டிருக்கும், வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். சேலத்தில் எவ்வளவு பெய்தது என்று போனில் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. ஏற்காட்டில் எவ்வளவு பெய்தது என்று பார்க்க வேண்டும். தாழ்வான தெருக்களுக்கு மாநகராட்சி ஆட்டோ வைத்து அறிவிப்பதாக இருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்து அறிவிக்கட்டும்.

இப்போது கரண்ட்டுக்கு வருகிறேன். இதில்தான் நம்ம ஆட்கள் ரொம்பக் கத்துகிறார்கள்.

மலையில் கரண்ட் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மரம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் வைத்திருக்கிற சில்வர் ஓக் நெட்டையாக வளரும், காற்றுக்கு முறியும். லைன் அந்தத் தோட்டங்களுக்குள்ளே புகுந்துதான் போகிறது. ஒரு கிளை கம்பியில் விழுந்தால் துணைமின் நிலையத்தில் ஃபீடர், அதாவது அந்தப் பக்கத்துக்குப் போகிற மெயின் லைன், தானாக டிரிப் ஆகி நிற்கும், அதில் இருக்கிற அத்தனை ஊரும் இருட்டு. எங்கே விழுந்தது என்று ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும், மழையில், அட்டைக் கடியில். ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்றில் மண் சரிந்தாலும் புதுக் கம்பமும் கம்பியும் மேலே ஏற முடியாது. குப்பனூர் ரோடு இருக்கிறதே என்பார்கள். அதுவும் மலைதானே, அதே மழைதானே. செல்போன் டவரும் பேட்டரி தீரும் வரைதான். அப்புறம் ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசலுக்கு ரோடு. காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில்தான் இதெல்லாம் வரும் என்பது இன்னொரு கொடுமை.

செப்டம்பரிலேயே லைன் ஓரத்துக் கிளைகளைக் கழிக்க வேண்டும், தோட்டக்காரர்களும் முணுமுணுக்காமல் சம்மதிக்க வேண்டும். மலைப் பகுதியிலாவது உறை போட்ட கேபிளுக்கு மாற வேண்டும். செலவுதான். ஒவ்வொரு வருஷமும் கம்பம் நட்டுக்கொண்டிருப்பதும் செலவுதான்.

கீழே, ஊருக்குள் நடப்பது வேறு. தெருவில் தண்ணீர் நின்றால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். "மழை விட்டுப் போச்சே, இன்னும் ஏன் விடல?" என்று வயர்மேனிடம் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) மூழ்கிக் கிடக்கும்போது லைனை விட்டால் யார் உயிர் போகும் என்று யோசிப்பதே இல்லை.

இருட்டு எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு கரண்ட் இல்லையென்றால் கொசுக்கடி, போனில் சார்ஜ் இல்லை. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் சித்தப்பா ஒரு மழை நாளில் சொன்னார்: "கரண்ட் போனா விசைத்தறிக்காரன் உக்காருவான். தண்ணி வந்தா குழித்தறிக்காரன் உக்காருவான். நம்ம தெருவுல ரெண்டு பேரும் இருக்கோம்டா." கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் குழித்தறியில் கால்மிதி இருப்பது தரையைத் தோண்டிய குழிக்குள். தெருவில் கணுக்கால் தண்ணீர் என்றால் குழி நிறைந்திருக்கும். இறைத்துக் கொட்டினாலும் சுவரும் தரையும் ஊறிக்கொண்டே இருக்கும், ஈரத்தில் பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) அறுந்துகொண்டே இருக்கும். பட்டு என்றால் கறை வேறு. குழி காய்கிற வரை கூலி இல்லை, நெய்தால்தான் கூலி. வீடு இடிந்ததா, மாடு செத்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்களிடம் "குழியில தண்ணி" என்று சொன்னால் அது ஒரு சேதமாகவே காதில் விழுவதில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு. அவர்களுக்குக் கொடுத்தது ரொம்பச் சரி. தறிக்குழிக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வீட்டு விஷயம் கொஞ்சம். தண்ணீர் உள்ளே வரும்போல இருந்தால் மெயினை மட்டும் இறக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயின் இறக்கினாலும் பாதி பிளக்கில் கரண்ட் இருக்கும். அதையும் அணையுங்கள். வடிந்த பிறகு சுவிட்ச் போர்டு நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினை ஏற்ற வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வாசலில் போடுகிற சீரியல் லைட் செலவுக்குள் அடங்கிவிடும்.

சம்ப் மூழ்கியிருந்தால் மோட்டாரைப் போட்டு அந்தத் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றிவிடாதீர்கள். உள்ளே போயிருப்பது மேட்டூர் தண்ணீர் இல்லை, திருமணிமுத்தாறு. முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். மேட்டூரிலிருந்து தண்ணீர் வருவதும் பம்ப் ஓடினால்தான். கரண்ட் போனால் குழாயும் நிற்கும். நவம்பர் பிறந்துவிட்டால் வீட்டில் ரெண்டு குடமாவது எப்போதும் நிறைந்திருக்கட்டும், பர்சில் கொஞ்சம் ரொக்கமும். டவர் படுத்த அன்றைக்கு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஜிபே செல்லாது.