எரித்ததைச் சாட்சி சொல்கிறோம், திருப்பிக் கொடுத்ததை?

சபையில் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட அன்றைக்கே தாயத்தை அறுத்துப் போட்டேன், ஜாதகத்தைக் கிழித்தேன், சினிமாப் பாட்டு கேசட்டையெல்லாம் கொளுத்தினேன்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையைக் கழற்றினதும் சாட்சியில் வரும். நாமும் அல்லேலூயா சொல்லி மகிழ்கிறோம். மகிழத்தான் வேண்டும். சின்ன வயதிலிருந்து பயந்து பயந்து கட்டியிருந்த தாயத்தை ஒருவர் அறுப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் "கல்யாணத்துக்கு வாங்கின வரதட்சணையை மாமனார் கையில் திருப்பிக் கொடுத்தேன்", "வட்டிக்கு எழுதி வாங்கின இடத்தை அவர் பேருக்கே மறுபடி எழுதிக் கொடுத்தேன்" என்று சாட்சி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? வெகுநாளாக என் மனதை அரிக்கிற கேள்வி இது.

எரிப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம். எபேசு பட்டணத்தில் மாயவித்தை செய்துகொண்டிருந்த பலர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் சுட்டெரித்தார்கள். கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மனிதன் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. அதை விற்றிருக்கலாம். எபேசில் வாங்க ஆளுக்கா பஞ்சம்? ஆனால் விற்றால் தன்னைக் கட்டியிருந்த கயிறு அடுத்தவன் கழுத்துக்குப் போகும். அதனால்தான் நெருப்பு.

அந்தப் பகுதியில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பவுல் எரிக்கச் சொன்னதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை, அவர்களாகவே கொண்டுவந்தார்கள். இன்னொன்று, எரித்தவை அவரவர் சொந்தப் புத்தகங்கள். அதே அதிகாரத்தில் தியானாள் என்ற தேவியின் கோவிலை வெள்ளியில் சொரூபமாகச் செய்கிற தெமேத்திரியு, பிழைப்பு போகிறதே என்று கலகம் மூட்டுகிறான். அவன் பட்டறைக்குள் புகுந்து விசுவாசிகள் எதையும் உடைக்கவில்லை.

இந்த இரண்டையும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் இருக்கிறது. 1497 பிப்ரவரி 7 அன்று சவொனரோலா என்ற துறவியின் ஆதரவாளர்கள் கண்ணாடி, வாசனைப் பொருள், சீட்டுக்கட்டு, இசைக்கருவி, புத்தகம் எல்லாவற்றையும் நகரச் சதுக்கத்தில் மலைபோல் குவித்துக் கொளுத்தினார்கள். வீடு வீடாகப் போய்ப் பொருள் சேகரித்தது சிறுவர் கூட்டம். வாசலில் கும்பல் வந்து நிற்கும்போது கொடுப்பதை மனந்திரும்புதல் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் மே 23 அன்று அதே சதுக்கத்தில் சவொனரோலாவையே தூக்கிலிட்டு எரித்தார்கள். ஊர் மனம் மாறியிருக்கவில்லை.

நம் வீடுகளிலும் இது சிறிய அளவில் நடக்கிறது. கணவன் மனந்திரும்புவான், கழற்றப்படுவது மனைவியின் வளையல். மகன் ஞானஸ்நானம் எடுப்பான், தூக்கி எறியப்படுவது அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற படம். அந்தப் படம் அம்மாவுடையது. அதை எறிய மகனுக்கு உரிமை இல்லை. சுவிசேஷம் அப்படி ஓர் உரிமையை யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

சரி, திருப்பிக் கொடுத்தவனுக்கு வருகிறேன். லூக்கா 19இல் வருகிற சகேயு. எரிகோவில் வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன். பிரசங்கங்களில் அவன் குள்ளமும் அவன் ஏறின காட்டத்தி மரமும் அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். அவன் சொன்ன கணக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு. இதைக் கொஞ்சம் பேப்பரில் போட்டுப் பாருங்கள். அவனிடம் எட்டு லட்சம் இருந்தது என்று வையுங்கள். நாலு லட்சம் ஏழைகளுக்குப் போய்விட்டது. மீதி நாலு லட்சத்தில் நாலு மடங்கு கொடுப்பதென்றால், அநியாயமாய் வாங்கினது ஒரு லட்சம் வரைதான் அடைக்க முடியும். எட்டில் ஒரு பங்குக்கு மேல் தவறான பணமாக இருந்தால் அவன் கையில் சல்லிக்காசு மிஞ்சாது.

மோசேயின் நியாயப்பிரமாணம் இவ்வளவு கேட்கவும் இல்லை. தானாக அறிக்கையிட்டு ஈடு கட்டுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 விதிக்கிற தண்டனை. யாரும் பிடிக்காமலேயே, திருடனுக்கு உரிய தீர்ப்பைச் சகேயு தனக்குத் தானே எழுதிக்கொள்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் எடுத்து சில மாதம் கழித்து, பீரோவில் இருந்த புரோநோட்டுகளையும் அடமானமாக வாங்கி வைத்திருந்த ரேஷன் கார்டுகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அசலுக்கு மேல் எப்போதோ வாங்கியாகிவிட்டது என்று அவர் நோட்டிலேயே இருந்தது. பூ விற்கிற ஓர் அம்மா கதவைத் திறக்கவே இல்லை. வசூலுக்கு வந்திருக்கிறார் என்று பயம். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார். ஸ்டாம்ப் ஒட்டின அந்தத் தாளைக் கையில் வாங்கி, "இன்னும் எவ்வளவுங்கய்யா தரணும்?" என்றுதான் கேட்டார். பிறகு கூடுதலாக வாங்கினதையும் தவணை தவணையாகத் திருப்பித் தந்தார் பெரியவர். சபையில் அவர் இதைச் சாட்சியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஊர்தான் சொல்லிற்று.

"இரட்சிப்பு கிருபையினாலே, கிரியையினால் அல்ல" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். ஆமென். சகேயு கணக்குச் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்க வந்துவிட்டார். கிருபை முதலில் வந்தது. வந்த கிருபை அவன் பணப்பெட்டி வரைக்கும் போனது.

அது போகாமல் வாசலிலேயே நின்றால் எவ்வளவு காலம் வீணாகும் என்பதற்கு, "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதின ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் சாட்சி. 1748இல் கடல் புயலில் ஆண்டவரைக் கூப்பிட்டார். கெட்ட வார்த்தை பேசுவதை விட்டார். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்கே கேப்டனானார். 1754இல் கடலை விட்டதும் உடல்நிலை காரணமாகத்தான். அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தன் வெட்கத்தை வெளிப்படையாக அச்சில் எழுதினது 1788இல். நாற்பது வருஷம்! நாக்கு சீக்கிரம் மனந்திரும்பிவிட்டது, தொழிலுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞானஸ்நான வகுப்பில் தாயத்து, பீடி, சாராயம் பற்றிக் கேட்கும்போதே, "யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியது இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். வரதட்சணை, கந்துவட்டி, லஞ்சம், அண்ணன் தம்பிக்குத் தராமல் வைத்திருக்கிற சொத்துப் பங்கு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அப்படிப்பட்ட பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதி தேடுகிறவர்களிடம் எண்ணாகமம் 5:8ஐ வாசித்துக் காட்டுங்கள். பறிகொடுத்தவனும் இல்லை, வாங்கிக்கொள்ள அவனுடைய உறவினனும் இல்லை என்றால்தான் அது ஆசாரியனிடம் வரும். அதற்கு முன்னால் அந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும்.