நிவாரணத்துக்குக் கொடுத்த கடைச் சாமானும் வரிக் கழிவும்

மண்சரிவு நிவாரணத்துக்காகக் கடையிலிருந்து அரிசி, பருப்பு, கம்பளிப் போர்வை எடுத்து ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், விற்பனை விலைக்கு பில் போட்டு அந்தத் தொகை முழுவதையும் வருமான வரியில் கழிக்கலாம் என்று ஒருவர் இணையத்தில் பதிவு எழுதியிருக்கிறார். ஹட்டன், பதுளைப் பக்கக் கடைக்காரர்கள் பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன். சட்டம் அப்படி இல்லைங்க.

இலங்கையின் வருமான வரிச் சட்டமான, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையைப் பாருங்கள். நோயாளரையோ வறியோரையோ வைத்துப் பராமரிக்கும், அரசு அங்கீகரித்த தொண்டு நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. சாமானாகக் கொடுத்தது அதில் சேராது. பணத்துக்கும் எல்லை உண்டு: தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அது. கம்பனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 500,000 ரூபா, அங்கேயும் குறைந்ததுதான். அரசாங்கத்துக்கோ உள்ளூராட்சி சபைக்கோ கொடுப்பது வேறு. அதில் பொருளும் ஏற்கப்படும். இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் அந்தப் பதிவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையதளத்தில் சட்டம் இருக்கிறது. ஐந்தாம் அட்டவணையில் ‘பணமாக’ என்பது எந்த இடத்தில் வருகிறது, ‘பணமாகவோ வேறு விதமாகவோ’ என்பது எந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். கொடுக்கிற கையை யாரும் இழுத்துக்கொள்ள வேண்டாம், வரிப் படிவத்தில் மட்டும் அந்த பில்லைக் கழிவாகப் போட்டுவிடாதீர்கள்.