ஒரு சார்ஜருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள்

எனக்கு வேண்டியது 19.5 வோல்ட், 65 வாட். இந்த இரண்டு எண்களை ஐந்து நாட்களில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை. இதே எண்கள் அச்சிட்ட சார்ஜர்கள் சேலத்துக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றுகூட என் மடிக்கணினிக்கு ஆகாது. மின்சாரம் அதேதான், அளவும் அதேதான், நுனியில் இருக்கும் பின் மட்டும் வேறு. அந்த ஒரு விரற்கடை உலோகத்துக்காக மூன்று முறை ஏற்காட்டு மலையை இறங்கி ஏறியிருக்கிறேன். வயிறு எரிகிறது.

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்பதால் ஆறு வாரம் வீட்டில் இருக்கலாம் என்று வந்தேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இந்த மாத இறுதிக்குள் பேராசிரியருக்கு அனுப்பியாக வேண்டும். போன திங்கட்கிழமை மாலை இடியோடு மழை. மே மாதத்து மலை மழை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனது, வந்தது, மறுபடியும் போனது. மூன்றாவது முறை வந்தபோது கூடத்து விளக்கு பளீரென்று ஒரு கணம் வெளுத்தது. "பிளக்கைப் பிடுங்கு கண்ணு" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் சார்ஜரில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்துவிட்டது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியில் 41 சதவீதம் மிச்சமிருந்தது. அப்படியே அணைத்து மூடி வைத்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ். அஸ்தம்பட்டியில் இறங்கி ஐந்து ரோட்டுக்குப் போனேன். முதல் கடையில் இருந்த தம்பி நல்ல பையன், பொறுமையாக ஏழு சார்ஜர்களை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். பெரிய பின் உள்ளே போகவில்லை. சின்ன பின் தொளதொளவென்று ஆடியது. நடுவில் ஊசி வைத்த பின் பாதியில் நின்றது. "இந்த மாடல் இங்கே விற்றதே இல்லை அக்கா, வெளிநாட்டு வண்டி" என்றான். அடுத்த கடையிலும் அதே பேச்சு. பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் என் கையிலிருந்ததைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்கள்.

கடைக்காரர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. 7.4 மில்லிமீட்டர், 5.5, 4.5, 4 என்று விட்டத்தில் இத்தனை வகை. அதே 5.5-இல் உள்துளை 1.7 என்றால் ஒரு கணினிக்கு, 2.5 என்றால் வேறு கணினிக்கு. ஒரே நிறுவனம் பழைய மாடலுக்கு ஒரு பின்னும் புதிய மாடலுக்கு வேறு பின்னும் வைத்திருக்கிறது. இவை அத்தனையிலும் பாய்வது 19-இலிருந்து 20 வோல்ட்டுக்குள் அடங்கும் மின்சாரம்தான். அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசத்துக்கு இத்தனை அளவுகளா? ஒரு சிறு கடைக்காரர் எத்தனையை வாங்கி அடுக்க முடியும்?

அன்று மாலை ஒரு கடையில் என் கணினிக்குள் சரியாகப் போய் உட்காரும் சார்ஜர் ஒன்று கிடைத்தது. ஒரிஜினல் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லி 850 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். செருகியதும் விளக்கு எரிந்தது. நிம்மதியாகப் பஸ் ஏறினேன். இருபது வளைவுகளும் முடிந்து வீடு வந்து கணினியைத் திறந்தால், அடாப்டரின் வகையை அறிய முடியவில்லை, பேட்டரி ஏறாது என்று திரையில் அறிவிப்பு. கணினி ஓடியது, ஆனால் மாட்டு வண்டியைவிட மெதுவாக. ஒரு பக்கத்தைத் திறக்க அரை நிமிடம். அரை மணி நேரத்தில் சார்ஜர் தொட முடியாத சூடு. பயந்து பிடுங்கிவிட்டேன்.

நடந்தது என்ன என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பின்னின் நடுவில் முடி போல ஒரு கம்பி இருக்கிறது. அதன் வழியாகக் கணினிக்குச் சக்தி வருவதில்லை. "நான் இன்னாருடைய சார்ஜர், இத்தனை வாட்" என்று சொல்வதற்கு மட்டுமே அந்தக் கம்பி. அந்தச் செய்தி வராவிட்டால் கணினி பேட்டரியை நிரப்ப மறுத்துவிடும், தன் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். பாதுகாப்புக்காக என்பார்கள். பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். 45 வாட் சார்ஜரிலிருந்து 65 வாட் உறிஞ்சினால் அது வெந்து போகும். ஆனால் வாட் எவ்வளவு என்று சொல்ல எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று ஏற்கனவே இருக்கிறதே! டைப்-சி இணைப்பு 2014-லேயே வந்துவிட்டது. அதன் வழியாக 100 வாட் வரை கொடுக்கலாம், 2021-இல் அதை 240 வாட்டுக்கு உயர்த்திவிட்டார்கள். எவ்வளவு தர முடியும், எவ்வளவு வேண்டும் என்று சார்ஜரும் கருவியும் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். என் கணினி 2020-இல் வாங்கியது. அதன் இடப்பக்கத்தில் டைப்-சி துளை ஒன்று இருக்கவும் இருக்கிறது. கோப்புகளை ஏற்றி இறக்க மட்டும் அது பயன்படும், மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அக்காவிடம் டைப்-சி சார்ஜர் இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தம்பியிடமும் இருக்கிறது. துளையையும் வைத்துவிட்டு அதற்குள் கதவைச் சாத்தி வைத்தவர்களை என்னவென்று சொல்வது?

இறந்துபோன என் சார்ஜரை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முதுகில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. ஜப்பானின் 100 வோல்ட்டையும் ஏற்கும், நம்மூர் 230-ஐயும் ஏற்கும். சுவரிலிருந்து வரும் கம்பியைச் செருகும் மூன்று கண் துளை, ஐ.இ.சி. 60320 என்ற உலகத் தரப்படி அமைந்தது. ஜெர்மன் பிளக் வைத்த கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலத்தில் எந்தக் கணினிக் கடையிலும் நம்மூர் மூன்று முனைக் கம்பியை வாங்கி மாட்டலாம். மாட்டத்தான் வேண்டும். ஜெர்மன் பிளக்கின் கால்கள் 4.8 மில்லிமீட்டர், நம்முடையது 5.1, தளர்ந்து உட்கார்ந்து பொறி பறக்கும், எர்த் இணைப்பும் கிடைக்காது. இதை ஒரு நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம். ஆக, சுவர்ப் பக்கத்தில் இந்தப் பெட்டி உலகம் முழுவதோடும் ஒத்துப்போகிறது. கணினிப் பக்கத்தில் பக்கத்து நிறுவனத்தோடுகூடப் பேசாது. ஒத்துப்போகும் அறிவு இவர்களிடம் இருக்கிறது. அடுத்தவன் சார்ஜரை நாம் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பூட்டு.

புதன்கிழமை அப்பாவுக்குச் சேலத்தில் அறுவை சிகிச்சை. இரவு அம்மாபேட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். வியாழக்கிழமை காலை அந்த 850 ரூபாய் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பணம் தர மாட்டார்களாம், வேறு பொருள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கணினி அடாப்டர்களை பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்துதான் நம் நாட்டில் விற்க வேண்டும். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொருளின் மேல் இருக்க வேண்டும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். நான் வாங்கியதில் அப்படி ஓர் எண்ணே இல்லை. அதைக் காட்டிப் பேசிய பிறகுதான் 600 ரூபாய் திரும்பி வந்தது.

அங்கிருந்து நேராக, கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தேன். வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஐரோப்பாவில் பதிவான கணினி மேடம், எங்கள் பட்டியலில் வராது. வாங்கிய நாட்டில் கேளுங்கள்" என்றார்கள். இலவசமாகக் கேட்கவில்லை, முழு விலையும் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வரிசை எண் ஒத்துவராமல் பில் போட முடியாதாம். வெளியே வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஜெர்மனிக்குப் பேசினேன். நான் இந்தியாவில் இருப்பதால் இந்தியக் கிளையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்றார்கள். அந்தக் கிளையின் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். இணையத்தில் விற்ற ஒருவரிடம் அதே ஒரிஜினல் சார்ஜர் இருந்தது. 636601 என்ற ஏற்காட்டுப் பின்கோடைப் போட்டதும், இந்த முகவரிக்கு அனுப்ப முடியாது என்று வந்தது. சித்தப்பா வீட்டு முகவரியைப் போட்டால் பன்னிரண்டு நாள்.

செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். கொலுசின் திருகாணி தொலைந்தால் எந்தப் பட்டறையிலும் கொடுக்கலாம். எந்தக் கடையில் வாங்கினாய், எந்த ஊரில் வாங்கினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. காலிலிருந்து கழற்றிக் கொடுத்தால், திருகுப் புரியைப் பார்த்து, அதற்கேற்ற திருகைத் தேடி மாட்டித் தருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவளுக்குச் சொந்தம் என்ற சாதாரண நியாயம் அந்தப் பட்டறைகளில் இருக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனங்களிடம் இல்லை.

இது ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. என்னோடு ஜெர்மனியில் தங்கியிருக்கும் ஆத்தூர்ப் பெண்ணுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. நம்மூரில் வாங்கிய மடிக்கணினி, குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு சார்ஜர் செத்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் திறக்காது. திங்கட்கிழமை காலை அவளுக்குத் தேர்வு விளக்கவுரை. கடைக்குப் போனபோது, இந்திய வரிசை எண், இங்கே கிடையாது என்று அதே பதில். எங்கே போனாலும் நாங்கள் வேற்றூர்க்காரர்கள். விசா கொடுக்கிறார்கள், வரி வாங்குகிறார்கள், ஒரு சார்ஜர் விற்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

ஜெர்மனியிலிருந்து கிளம்பும்போதே இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நிறைய பேர் எனக்கு அறிவுரை சொல்லிவிட்டார்கள். ஏன் வாங்க வேண்டும்? பயன்படாமலும் தூக்கி எறிந்தும் வீணாகும் சார்ஜர்கள் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்கழிவு என்று ஐரோப்பிய ஆணையமே கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்தக் குவியலில் என் பங்காக இன்னும் ஒன்றைச் சேர்ப்பதுதான் தீர்வா? அதே ஐரோப்பாவில் 2022-இல் சட்டம் போட்டார்கள். கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் டைப்-சி கட்டாயம், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். சட்டம் போட்டதும் எல்லா நிறுவனங்களாலும் முடிந்தது! இப்படிச் சட்டம் போட்டால் புதுமை முடங்கிவிடும் என்று சொன்ன வாயும் அவற்றில் உண்டு. நம் பி.ஐ.எஸ்.-உம் 2023 தொடக்கத்தில் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. அது காகிதத்தில் இருந்தால் ஐந்து ரோட்டுத் தம்பிக்கு என்ன பயன்? ஏற்கனவே விற்றுவிட்ட கோடிக்கணக்கான பழைய கணினிகளுக்கு எந்த நாட்டு வரிசை எண்ணாக இருந்தாலும் சார்ஜர் விற்றே ஆக வேண்டும் என்று யார் உத்தரவு போடப்போகிறார்கள்?

மூன்றாவது முறை இறங்கியது சனிக்கிழமை. கோடை விழாக் கூட்டத்தால் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள், போய்ச் சேரவே மதியம் ஆகிவிட்டது. நான்கு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பழைய டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் இருப்பதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அவரிடம் செத்த சார்ஜரையே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திருகுகூட இல்லை. இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளையும் உருக்கி ஒன்றாக்கியிருக்கிறார்கள், யாரும் திறந்துவிடக் கூடாது என்று. "திறக்க விடாமல் செய்திருக்கிறார்கள் பாருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு, விளிம்பில் கத்தியை வைத்துச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். கால் மணி நேரத்தில் ஓடு பிளந்தது.

உள்ளே நீல நிறத்தில் மாத்திரை போல ஒரு வேரிஸ்டர் கருகிக் கிடந்தது. மின்னழுத்தம் எகிறும்போது அதைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அதை ஒட்டியிருந்த பியூஸ் போயிருந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தன. இரண்டையும் மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, ஓட்டை மூடிக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். 250 ரூபாய். அந்த இரண்டு பாகங்களின் விலை முப்பது ரூபாய்க்குள்தான் என்று அவரே சொன்னார். அங்கேயே கணினியைத் திறந்தேன். பேட்டரி ஏறியது. எந்த அறிவிப்பும் வரவில்லை.

முப்பது ரூபாய்ப் பொருள். நான்கு திருகு வைத்து அந்தப் பெட்டியைச் செய்திருந்தால் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மருத்துவமனையில் அப்பாவின் கண்கட்டைப் பிரித்தார்கள். ஜெர்மனியிலிருந்து நான் விமானம் ஏறி வந்ததே அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கத்தான். கட்டைப் பிரித்ததும் அப்பா, "பாப்பா எங்கே?" என்று கேட்டாராம். சித்தப்பாதான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அப்போது கையில் டோக்கனோடு, என் வரிசை எண் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது என்று ஒருவர் தட்டிப் பார்ப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.